ஆறேகாலின் இருபத்துநான்கு வளையங்கள்

வயிற்றோடு வாழ்கிறவர்கள் உண்டு, வயிற்றுக்காகவே வாழ்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல வந்தது மூன்றாவது இனம்: தன் வயிற்று நிலவரத்தை ஊருக்கு வாசிக்கிறவர்கள். தெரியாத்தனமாக இவர்களிடம் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிடாதீர்கள். மற்றவர்கள் “இருக்கேன்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர்கள் நின்று, குரலைத் தாழ்த்தி, மணி சொல்வார்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி, சோப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மனிதர். அக்கம்பக்கத்தில் அவருக்கு ஆறேகால் என்று பெயர். காலை ஆறேகாலுக்கு அவருக்கு ஆகிவிடும். அதற்கு முன்னால் இரண்டு சொம்பு வெந்நீர், கூடத்தில் நாற்பது நடை, வயிறு இளக ஒரு கரண்டி பொடி, எல்லாம் முடித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கே கிடக்கிற செருப்பு, வாளி, பேத்தி எல்லாவற்றையும் விலக்கியபடி அவர் உள்ளே போவதைப் பார்த்தால் முடிசூட்டிக்கொள்ளப் போகிறார் என்றே தோன்றும். வெளியே வந்ததும் ஒரே வார்த்தை: “பிரமாதம்.” பிறகு சம்பந்திக்குப் போன். “உங்களுக்கு இன்னிக்கு எப்படி?” சம்பந்தி என்ன செய்வார், பெண்ணைக் கொடுத்தவர்.

அப்படிப்பட்டவர் கண்ணில் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த அறிவிப்பு பட்டது. குடலின் நரம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய, ஆரோக்கியமான ஆட்கள் தேவை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை லட்சம் சோப்புக்கு முத்திரை குத்தியவர். அவருக்கு யார் குத்தினார்கள்?

அவர் போய்ப் பெயர் கொடுத்ததும் அங்கிருந்த நர்ஸம்மா ஒரு மாத்திரையை நீட்டினார். “இதுக்குள்ள இருபத்துநாலு குட்டி வளையம் இருக்கு சார். அஞ்சாம் நாள் எக்ஸ்ரே எடுத்து எத்தன மிச்சம்னு பாப்போம். போற நேரத்த இந்த நோட்டுல எழுதுங்க. பொடி கிடி எதுவும் வேண்டாம். இயல்பா இருங்க.”

இயல்பாக இருக்கச் சொன்னால் போதும். இந்த இனத்தை ஒழிக்க வேறு ஆயுதம் வேண்டாம்.

மறுநாள் ஆறேகாலுக்கு உள்ளே போனார். ஆறே முக்கால் ஆனது. ஏழானது. ஏழரைக்கு மனைவி கதவைத் தட்டினாள்.

“என்ன, உள்ளேயே குடி போயிட்டீங்களா?”

“பேசாத. அது கூச்சப்படுது.”

“அது படுதா, நீங்க படுறீங்களா?”

நல்ல கேள்வி. குடலுக்கென்று தனி நரம்புக் கூட்டம் உண்டு. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மேலதிகாரி நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் வந்து நின்று முறைத்தால் யாருக்குத்தான் வேலை ஓடும்? இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. மட்டமான ஒரு சோப்பைக்கூட வெளியே விடாத அந்தக் கை, மூன்றாம் நாள் சாயங்காலம் மூன்று வரி எழுதியது: 6.15, 6.15, 6.15.

“பொய் எழுதுறீங்களே,” என்றாள் மனைவி.

“பொய் இல்லடி. போக வேண்டிய நேரம் அதுதான.”

நான்காம் நாளும் அதே கதை, அதே வரி. ஐந்தாம் நாள் நர்ஸம்மா நோட்டைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“தெனமும் ஆறேகாலுக்குப் போயிருக்கீங்க?”

“டாண்ணு.”

“அப்ப இந்த இருபத்துநாலும் இங்க என்ன சார் பண்ணுது?”

குழுப் படத்துக்கு நின்றதுபோல், ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன வளையங்கள். ஆறேகால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “வேற யாரோட வயிறோ,” என்றார்.

“உங்க வயிறுதான் சார், நல்ல வயிறும்கூட. பயந்து நின்னுடுச்சுன்னு எழுதியிருந்தா எங்களுக்கு அதுவே பெரிய உதவி. இப்ப உங்கள சேத்துக்க முடியாது.” பட்டியலில் அவர் பெயர்மேல் ஒரு கோடு விழுந்தது.

கோடு விழுந்ததுதான் தாமதம். இனி யாரும் பார்க்கவில்லை என்று குடலுக்கு எப்படித் தெரிந்ததோ, வாசலைத் தாண்டுவதற்குள் மனிதர் திரும்பி ஓடிவந்தார், வழி கேட்டார், காணாமல் போனார். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“பதினொண்ணு பத்து. எழுதிக்கோங்க.”

“நோட்ட மூடியாச்சு சார்.”

சிரிக்கிறீர்கள். நீங்கள் இந்த இனமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இப்போது இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? எவ்வளவு நேரமாக? எழுந்திருங்கள், வெளியே ஆள் நிற்கிறது.