அவுக அண்ணனின் இடது கன்னம்

பெற்றவர்களுக்கு மரியாதை கொடுப்பவர்கள் உலகத்தில் உண்டு. வாத்தியாருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. சம்பளம் போடுகிற முதலாளிக்குக் கொடுப்பவர்கள் நிறையவே உண்டு. ஆனால் தன் சொந்தத் தோலுக்கு மரியாதை கொடுத்து, அதை 'அவுக' என்று அழைத்த ஒரே மனிதர் எங்கள் காரைக்குடிக்காரர்தான். வேறு ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்தால் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்களாம். அது கரண்டு பில்லோடு சரி. எங்களுக்கு அவர் அவுக அண்ணன்.

செக்காலை ரோட்டில் மெடிக்கல் வைத்திருந்தார். அதற்கு மேல் மாடியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். டீ குடிக்க இறங்கினால் அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைத்து, பெருமூச்சு விட்டார்.

"அவுகளுக்கு வெந்நி ஆகாது தம்பி. காலையில தெரியாம கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன். இப்ப மொறுமொறுன்னு கோவமா இருக்காக."

அண்ணிக்குத்தான் ஏதோ என்று நினைத்து, "டாக்டர்ட்ட காமிச்சீகளா அண்ணே?" என்றேன்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை என் முன்னால் நீட்டினார். "இந்தா இருக்காக. நீங்களே விசாரிங்க."

நானும் விசாரித்தேன். வேறு என்ன செய்ய, புது ஊழியன், கீழ்க்கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

அவர் கடையில் பொருள் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. வாசனை சோப்பு கேட்டால், "நல்லா வாசமா இருக்கும். துணிக்குப் போடுங்க" என்பார். ஒரு நாள் கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, ஒரே வாரத்தில் வெள்ளையாகிற கிரீம் வேண்டும் என்றான்.

"வெள்ளையடிக்கணும்னா அங்குட்டு பெயிண்டு கடை இருக்கு."

"மொகத்துக்கு அங்கிள்."

"மொகத்துக்கா? ஏப்பா, இந்தக் கலரு யாரு குடுத்தது? அவுகளா பாத்து, வெயிலு உள்ள எறங்கக் கூடாதுன்னு ஒனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. நீ குடையப் பிடுங்கிப் போட்டுட்டு நடுரோட்டுல நிக்கப் போறேங்கிற."

பையன் ஓடிவிட்டான். அண்ணன் சாப்பிடப் போகிற மத்தியான நேரத்தில் அண்ணி கல்லாவில் உட்காருவார்கள். அந்தக் கடையில் வியாபாரம் என்று நடந்ததெல்லாம் அப்போதுதான்.

எந்தப் புதுக் களிம்பையும் நேராக முகத்தில் பூசக் கூடாது என்பது அவர் சட்டம். "தெரியாத ஆளு வீட்டுக்கு வந்தா நேரா உள்கட்டு வளவுக்கா கூட்டிட்டுப் போவீக? முகப்புல உக்கார வச்சு ஆளப் பாப்பீகளா இல்லையா?" தோலுக்கு முகப்பு என்பது முழங்கையின் உள்பக்கம். அங்கே துளி தடவி, ஒரு நாள் உட்கார வைத்து, அரிப்பு, சிவப்பு ஒன்றும் இல்லையென்றால்தான் உள்ளே அழைக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தலைவலி மாத்திரை வாங்க வந்தவரிடமும் இதைச் சொன்னால் என்ன செய்வது?

குளித்துவிட்டுத் துண்டால் தேய்க்க மாட்டார், ஒத்தி எடுப்பார். ஒத்தி முடிப்பதற்குள் மறுபடி வியர்த்துவிடும். அதையும் ஒத்துவார். சாம்பல் புதனன்று கோயிலில் வரிசையில் நின்று சாமியார் முன்னால் போனதும், "தேய்க்காதீக சாமி, சும்மா ஒத்துங்க" என்று கேட்டுக்கொண்டதை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள். கல்லல் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு முறை அவரோடு போனேன். பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் வெயில் படாத பக்கத்துக்கு மாறி மாறி உட்கார்ந்தார். கண்டக்டர் அவரை வேறு வேறு ஆள் என்று நினைத்து மறுபடி மறுபடி டிக்கெட் கேட்டார்.

ஒரு நாள் கடை வாசலில் கழுத்தில் வந்த படையைப் பறட்டு பறட்டென்று சொறிந்துகொண்டிருந்த ஒரு பெரிய மீசைக்காரரின் கையை இவர் எட்டிப் பிடித்துவிட்டார். அவர் பளாரென்று ஒன்று வைத்தார். அண்ணன் வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "என்னைய வையிங்க, கேட்டுக்கிறேன். அவுக ஒங்கள என்ன பண்ணாக?" என்றார். மீசைக்காரர் குழம்பிப்போய், அந்தக் கன்னத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண் திருப்பத்தூர். பெயர் அலமு. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சும்மா இல்லை, போனை வைத்த பிறகும் போனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போட்டோ ஷூட் வைத்தார்கள். இடம் எங்கள் அம்மானின் ஓட்டல்.

என்னைப் பெற்ற ஆத்தாவோடு பிறந்தவர் இந்த அம்மான். பாழடைந்து கிடந்த பெரிய வீடு ஒன்றை வாங்கி, வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஓட்டலாக மாற்றியிருந்தார். அதன் சுவர்கள் அவருக்கு உயிர். முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு கலந்து பூசிய சுவர். தலை சீவலாம், அப்படி முகம் தெரியும். வருகிறவர்களெல்லாம் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்து ஆகா ஆகா என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அம்மானுக்குப் புத்தி அந்தப் பக்கமாகவே போயிருக்க வேண்டும்.

போட்டோவுக்கு முன்தினம் என்னை உற்றுப் பார்த்தார். "வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போனீக மாப்பிள்ளை. செவுரு நாலு தலமுறையா மின்னுது. அதுக்குப் பூசுறத ஒங்களுக்குப் பூசுனா என்ன?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத எவனும் கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தகுதியில்லாதவன். எனக்குத் தெரியவில்லை. கல்யாண ஆசை மனுசனை அப்படி ஆக்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மான் கரண்டியால் பூசினார். முதலில் குளுகுளு என்றிருந்தது. அப்புறம் எரிந்தது.

"அம்மான், எரியிது."

"எரியிதுன்னா பிடிக்கிதுன்னு அர்த்தம்."

"ரொம்ப எரியிது அம்மான்."

"காயட்டும். காஞ்சப்புறம் கல்லு வச்சுத் தேய்க்கணும். அப்பத்தான் மினுக்கு வரும்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். நிஜமாகவே கையில் ஒரு கூழாங்கல் வைத்திருந்தார். நான் எழுந்து ஓடினேன். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி, "செக்காலை ரோடு" என்றேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "எங்கண்ணே கூத்து?" என்று கேட்டார்.

அவுக அண்ணன் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். "யாரு ஒங்கள இப்புடிச் செஞ்சுபுட்டது?" என்று அதனிடம் கேட்டார். குழாயடியில் என்னைக் குனிய வைத்து, வெறும் தண்ணீரை ஓடவிட்டு ஓடவிட்டுக் கழுவினார். விரல்கூடப் படவில்லை. கண்ணுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார். அப்படியே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றபடி சும்மா விடுங்கள், வேறு எதையும் பூசாதீர்கள், தேய்க்காதீர்கள், உரிக்காதீர்கள் என்றார். அண்ணன் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

சாயங்காலம் அம்மான் முகம் செத்துப்போய் வந்தார். அண்ணன் அவரை உட்கார வைத்தார்.

"செவுத்துல உள்ள என்ன இருக்கு?"

"செங்கலு."

"செங்கலுக்கு நடுவுல?"

"சாந்து."

"அவுகளும் அப்புடித்தான். மேல இருக்குறது செத்த செங்கலு. நடுவுல சாந்து மாதிரி எண்ணெய்ப் பசை. அது இருக்குறவரைக்கும் வெளி அழுக்கு உள்ள வராது, உள் ஈரம் வெளிய போகாது. அவுக கொஞ்சம் புளிப்புக் குணம். நீங்க சுண்ணாம்பக் கொண்டாந்து கொட்டி, சாந்தக் கரைச்சுப்புட்டீக."

அம்மானுக்கு இப்போதுதான் விஷயம் தன் பாஷையில் வந்தது. "சரி. மேல ஒரு கோட்டு அடிச்சு மூடிருவமா?"

"ஒண்ணும் அடிக்க வேணாம். அடியிலேருந்து அவுகளே புதுச் செங்கலு அறுத்து அடுக்கிக்கிருவாக. நீங்க கொத்தனாரு வேல பாக்காம இருந்தாப் போதும்."

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு முகப்பில் அண்ணன் காவல். கல்யாண வீடு அல்லவா, சொந்தக்காரர்கள் கிண்ணத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் கையில் மஞ்சள், ஒருவர் கையில் கற்றாழை, எலுமிச்சம்பழம், வேப்பிலை. பெரியப்பா ஒருவர் பற்பசையோடு வந்தார். அண்ணன் விசிறியைக் குறுக்கே நீட்டுவார். "அவுக தூங்குறாக. பெறகு வாங்க." யார் தூங்குகிறார் என்று தெரியாமலே எல்லாரும் மெல்ல நடந்து போனார்கள்.

ஆனால் திருப்பத்தூரில் வேறு கதை கிளம்பிவிட்டது. போட்டோ ஷூட் நின்றுபோனது, நான் வீடியோ கால் எடுக்கவில்லை, மெடிக்கல்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளைக்குத் தோல் வியாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். அலமு போனில் அழுதாள். "நான் நம்புறேன். அப்பச்சிதான் நம்ப மாட்டேங்குறாக" என்றாள். எனக்கு எரிந்தது முகம் மட்டுமில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அலமுவைப் பெற்ற அப்பச்சி நாலு பெரியவர்களோடு வந்து உட்கார்ந்தார். என் முகம் அப்போது சிவந்து, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னோம். அதுதான் தப்பாகப் போயிற்று.

"படிச்ச பிள்ளை, செவுத்துக்குப் பூசுறத மூஞ்சியில பூசிக்கிட்டாகளாம். இத நான் ஊருல போயிச் சொல்லவா?" என்றார் அவர். "வேற என்னத்தையோ மறைக்கிறீக. பொண்ணப் பெத்தவன், எனக்குப் பயமா இருக்கு. டாக்டரு சீட்டெல்லாம் காட்டாதீக. கல்யாணத்தத் தள்ளி வப்போம்."

தள்ளி வைப்போம் என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆத்தா தூணைப் பிடித்துக்கொண்டாள். அம்மான், "என் மூஞ்சியில பூசிக் காட்டுறேன்" என்று எழுந்தார். "நீங்க சுண்ணாம்புலயே பொழங்குற ஆளு. ஒங்க தோலு மரத்துப் போயிருக்கும்" என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

முகப்பில் விசிறியோடு இருந்த அண்ணன் உள்ளே வந்தார். அம்மானிடம், "அன்னைக்குக் கலந்த மாதிரியே கலந்து கொண்டாங்க" என்றார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையின் உள்பக்கத்தைக் காட்டினார்.

"கை வேற, மொகம் வேற" என்றார் அலமுவின் அப்பச்சி.

அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டார். கொதிக்கிற தண்ணீர் ஊற்றியதற்கே நாள் பூராவும் வருத்தப்படுகிற மனிதர். மெதுவாகச் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டார். அவர் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"மன்னிச்சுக்கிருங்க. இத்தன வருசத்துல நான் ஒங்கள எதுவும் கேட்டதில்ல. ஒரு கல்யாண காரியம்."

பிறகு திரும்பி வந்து, இடது கன்னத்தில் அவரே பூசிக்கொண்டார். அது காய்கிறவரைக்கும் எல்லாரும் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொண்டு வந்த காப்பி அப்படியே ஆறியது. அண்ணன் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை, ஒத்தினார். கழுவிவிட்டு வந்தபோது அந்தக் கன்னம் என் முகத்துக்கு அண்ணன் தம்பி போலச் சிவந்திருந்தது.

அலமுவின் அப்பச்சி அந்தக் கன்னத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கடைசியில் அம்மானைப் பார்த்தார். "கல்யாண வேலையப் பாப்போம்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "தாம்பூலத்துக்குச் சுண்ணாம்பு நாங்க வாங்கிக்கிறோம். ஒங்க அம்மான் கையில குடுக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் இடது கன்னம் உரிந்து, படம் எடுப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நிற்பார். "லைட்டைத் தள்ளி வைங்க, அவுகளுக்குச் சூடு ஆகாது" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கன்னத்தில் கறுப்பாக ஒரு சின்னத் திட்டு தங்கிவிட்டது. முகம் முழுக்கப் பூசிய எனக்கு ஒன்றும் இல்லை, அவருக்கு இருக்கிறது. இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் அலமுவும் முதலில் மெடிக்கலுக்குத்தான் போகிறோம். போன பொங்கலுக்கும் போனோம். அலமு அண்ணனைக் கேட்கவில்லை. அந்தக் கன்னத்தைப் பார்த்து, "அவுக சொகமா இருக்காகளா?" என்று கேட்டாள்.

அண்ணன் திட்டை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சொகமா இருக்காக ஆத்தா. நேத்துக்கூட ஒங்க ரெண்டு பேரையும் விசாரிச்சாக" என்றார்.

நல்லா இருக்கோம் என்று நானும் அந்தக் கன்னத்திடமே சொன்னேன்.