என்ஜின் ஸ்டார்ட் ஆகக் கூடாது

"பாய், போட்டு ரிப்பேர்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு பொய். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பழவேற்காடு படகுத்துறையில் காலைக் காற்று சிலுசிலுவென்று வீசிக்கொண்டிருந்தது. மோகன்ராஜுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

மொய்னுதீன் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னா தம்பி பேசற? நீதான போன் மேல போன் போட்டு புக் பண்ண? இப்ப ரிப்பேர்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, என் போட்டை நம்பி எவன் வருவான்?"

"அப்ப கடல் சரியில்லைன்னு சொல்லுங்க."

"யாரு சொன்னா? தாம்பாளம் மாதிரி கெடக்கு கடலு."

தாம்பாளமாகவே இருக்கட்டும். அந்தத் தாம்பாளத்துக்கு அடி எங்கே இருக்கிறது என்பதுதான் மோகன்ராஜின் கவலை.

அவனுக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு. அங்கே ஆறு உண்டு, தண்ணீர்தான் கிடையாது. நீச்சலை அவன் சினிமாவில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவன் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

கும்மிடிப்பூண்டியில் அவன் வேலை பார்க்கும் இரும்புத் தொழிற்சாலையின் கேன்டீனில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வாழைப்பூ மடல் மாதிரி ஒரு குட்டிப் படகில், ஒரு வெள்ளைக்காரன் நடுக்கடலில் காலை நீட்டி உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தான். ஜி.எம். துளசிராமன் சாப்பாட்டுத் தட்டோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தார்.

மோகன்ராஜ் தற்காலிக ஊழியன். கூடச் சேர்ந்தவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ஜி.எம். மனம் வைத்தால் பெர்மனென்ட். இல்லாவிட்டால் பெட்டியோடு பள்ளிப்பட்டு பஸ். இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்குமா?

"அது கயாக் சார். நான்கூட அடிக்கடி போவேன்."

"கடல்லயா?"

"கடல்லதான் சார்."

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. ஜி.எம். ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்தார். "பலே! எங்களை எல்லாம் கூப்பிட மாட்டியாப்பா?"

"நீங்க வர்றேன்னா இந்த ஞாயித்துக்கிழமையே ஏற்பாடு பண்றேன் சார்!"

கேன்டீன் கைதட்டியது. விஷயம் முடிந்தது.

விசாரித்ததில் அகப்பட்டவர்தான் மொய்னுதீன் பாய். பரம்பரைக் கருவாட்டு வியாபாரி. சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கயாக்குகளை வைத்துப் புதுத் தொழில் ஆரம்பித்திருந்தார். கரையிலிருந்து தள்ளினால் கயாக்கை அலை கவிழ்த்துவிடும். அதனால் கயாக்கையும் ஆளையும் பெரிய போட்டில் ஏற்றி, அலை உடையும் இடம் தாண்டிக் கொண்டுபோய் நடுக்கடலில் இறக்கிவிடுவார். பெரிய போட்டு பக்கத்திலேயே காவல் நிற்கும்.

ஜி.எம்.மை இறக்கிவிட்டு, தான் பெரிய போட்டிலேயே நின்று "சூப்பர் சார்! சூப்பர் சார்!" என்று கத்திக்கொண்டிருப்பதாகத்தான் மோகன்ராஜின் திட்டம். அதில்தான் பாய் மண்ணைப் போட்டார்.

"என் போட்டுல ஒரு சட்டம் இருக்கு தம்பி. கூட்டியாந்த ஆளு மொதல்ல எறங்கணும். புதுசா வந்தவரைத் தண்ணியில உட்டுட்டு, கூட்டியாந்தவன் மேல குந்திக்கினு வேர்க்கடலை துன்னக் கூடாது."

மோகன்ராஜ் மாற்றுவழி யோசித்தான். இறங்கினால்தான் என்ன? தன் கயாக்கைப் பெரிய போட்டோடு ஒரு கயிற்றால் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, ஜி.எம்.மையே பின்வாங்க வைப்பது.

ஜி.எம். இவனுக்கு முன்பே வந்து காருக்குள் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, புது பூட்ஸ், கையில் புதுத் தூண்டில் கழி.

"சார், காத்து கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. எனக்குப் பழக்கம். உங்களுக்காகத்தான் யோசிக்கிறேன்..."

"எனக்காக நீ யோசிக்காதே மோகன். உனக்குச் சரின்னா எனக்கும் சரி."

"எனக்குச் சரிதான் சார். ஆனா..."

"ஆனா? என்ன ஆனா? போக வேண்டாங்கறியா?"

அந்தக் குரலில் இருந்த வேகத்தைக் கேட்டு மோகன்ராஜ் நடுங்கிப்போனான். பெர்மனென்ட் ஆர்டர் கண்ணெதிரே சுக்குநூறாகக் கிழிந்து பறந்தது.

"சேச்சே! போறோம் சார்!"

"சரி" என்றார் ஜி.எம். மெதுவாக.

பின்னால் நின்ற பாய் இதைக் காதில் வாங்கிவிட்டார். "காத்துன்னு யோசனையா? அப்ப தனித்தனி கயாக்கே வேணாம் சார். ரெண்டு பேரு குந்தற கயாக்கு ஒண்ணு கெடக்கு. நீங்க முன்னால, பழக்கப்பட்ட தம்பி பின்னால. உங்க உசுரு தம்பி கையில!"

கயிறு கட்டும் திட்டமும் போயிற்று. இப்போது மோகன்ராஜிடம் இருந்தது வயிறு ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "சார், வாந்தி வர்ற மாதிரி..."

ஜி.எம். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதில் பாதி ஏற்கெனவே காலி. "போட்டுக்கோ. வாந்தி வரவே வராது."

பக்கத்திலேயே நின்று விழுங்க வைத்தார். இனி வாந்தியும் எடுக்க வழியில்லை.

அப்போது செல்போன் அலறியது. மனைவி இளமதி.

"இன்னாங்க, பெர்மனென்ட் பண்றேன்னு சொன்னாரா?"

"இன்னும் கடலுக்கே போவலடி."

"வரும்போது வஞ்சிரம் எடுத்தாங்க. ஊர்லருந்து நைனா வந்துகிறாரு."

"இளமதி... எல்.ஐ.சி. பேப்பரு பீரோவுல மேல்தட்டுல இருக்குது."

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா சொன்னேன்" என்று போனை வைத்தான்.

கடைசி நம்பிக்கை போட்டு டிரைவர் சின்னதுரை. என்ஜின் பக்கம் குந்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரின் காதருகே மோகன்ராஜ் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு உதவி. புள்ளகுட்டிக்காரன் கேக்கறேன். நடுக்கடலுக்குப் போனதும் என்ஜினை நிறுத்திடுங்க. அப்புறம் அது ஸ்டார்ட் ஆவவே கூடாது. ரிப்பேர்னு சொல்லி யாரையாவது கூப்ட்டுத் திரும்பிடலாம். பாய்க்குத் தெரிய வேணாம்."

சின்னதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்னவோ கேட்க வந்தவர், கேட்காமல் தலையை ஆட்டினார். "செரி சார். நிறுத்தினா நிறுத்தினதுதான்."

மோகன்ராஜுக்கு உயிர் வந்தது. அந்த உயிர் முகத்துவாரம் வரைதான் நீடித்தது.

ஏரி கடலோடு சேரும் இடத்தில் அலைகள் வரிசைகட்டி நின்றன. போட்டு மூக்கைத் தூக்கியது, அப்படியே நின்றது, பிறகு தொப்பென்று விழுந்தது. மோகன்ராஜின் வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. அடுத்த அலை போட்டைவிட உயரமாக வந்தது. பள்ளிப்பட்டில் உள்ள எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டு, தீர்ந்துபோய், பக்கத்து ஆந்திரச் சாமிகளுக்குத் தாவினான். கரை ஒரு பென்சில் கோடாகி, பிறகு அதுவும் அழிந்தது.

என்ஜின் நின்றது.

ஆகா! மோகன்ராஜ் துள்ளி எழுந்தான். "அடடா, என்ஜின் நின்னுபோச்சே பாய்! என்ன அநியாயம்! திரும்பிட வேண்டியதுதான்!"

பாய் சிரித்தார். "நிக்கலப்பா, நிறுத்திகிறான். கயாக்கு எறக்கறப்ப நிறுத்தித்தான் ஆவணும். இல்லாட்டி என்ஜின் விசிறியில மாட்டிச் சட்னியாயிடும். ம், எறங்கு எறங்கு."

மோகன்ராஜ் சின்னதுரையைப் பார்த்தான். சின்னதுரை பெருமையோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சொன்ன சொல் தவறாத மனிதர்! நடுக்கடலில் நிறுத்தியாகிவிட்டது. இனி ஸ்டார்ட் ஆகாது. காவலுக்கு நிற்க வேண்டிய போட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, தாங்கள் மட்டும் பிளாஸ்டிக் மடலில் இறங்குகிறோம் என்பது மோகன்ராஜின் மூளைக்கு உறைத்தபோது, பாய் அவன் இடுப்பைப் பிடித்துக் கயாக்கில் உட்காரவைத்திருந்தார். முன்னால் ஜி.எம்.மும் உட்கார்ந்தாயிற்று; அவர் தூண்டிலில் பாய் இரை மாட்டிக் கடலில் வீசியும்விட்டார்.

கடல் இப்போது இடுப்புக்குப் பக்கத்தில், மூச்சு விடுகிற மிருகம் போல ஏறி இறங்கியது. அடியில் கறுப்பாக எதுவோ நகர்ந்தது. அது மேகத்தின் நிழல் என்று நம்ப முயன்றான்.

ஜி.எம். முதுகு கம்பி மாதிரி நிமிர்ந்திருந்தது. இடம் வலம் பார்க்கவில்லை. 'என்ன ஒரு தைரியம்! இவருக்கு முன்னால நான் பயத்தைக் காட்டினா செத்தேன்' என்று பல்லைக் கடித்தான்.

"நல்லா இருக்கா சார்?"

"ம்."

அந்த 'ம்' முடிவதற்குள் ஜி.எம். கையிலிருந்த தூண்டில் கழி வில்லாக வளைந்தது. கயாக் ஒரு குலுக்குக் குலுங்கி, தானாகவே ஓட ஆரம்பித்தது. கீழே இருந்த ஏதோ ஒன்று அவர்களை இழுத்துக்கொண்டு ஆந்திராவா அந்தமானா என்று தெரியாத திசையில் போனது.

"சார்! கழியை விட்டுடுங்க சார்!"

"விடமாட்டேன்!"

"சார், பெரிய மீன் சார்! கவுத்துடும் சார்!"

"விடமாட்டேன்டா! விடவே மாட்டேன்!"

மனிதனா இரும்பா? மோகன்ராஜ் லைஃப் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினான். தூரத்துப் போட்டிலிருந்து சின்னதுரை மறுபடி கட்டைவிரலை உயர்த்தினார்.

"ஸ்டார்ட் பண்ணுய்யா! ஸ்டார்ட்!" இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினான். ஆட்டிய பிறகுதான், அந்தக் கைகளில் இதுவரை துடுப்பு இருந்தது ஞாபகம் வந்தது. துடுப்பு தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

போட்டில் ஒரே அமளி. சின்னதுரை ஓடுவதும் குனிவதும் தெரிந்தது. பாய் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. என்ஜின் சத்தம் மட்டும் வரவேயில்லை. நடிப்பில் இவ்வளவு தத்ரூபமா? இல்லை, இது நடிப்பில்லை என்று புரிந்தபோது மோகன்ராஜின் ரத்தம் உறைந்தது.

படீர் என்று தூண்டில் நரம்பு அறுந்தது. கயாக் நின்றது. மீன் இழுத்தபோதாவது துணைக்கு ஒரு ஜீவன் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் தீக்குச்சிகளாகத் தெரிந்தன. கயாக் கடகடவென்று நடுங்கியது. ஜி.எம்.முக்குத் தன் நடுக்கம் தெரிந்துவிடுமே என்று மோகன்ராஜ் வெட்கப்பட்டான்.

நண்டு வலை போட்டுத் திரும்பிய ஒரு ஃபைபர் படகு கடவுள் மாதிரி வந்தது. பெரிய போட்டையும், அதன் வாலில் கயாக்கையும் கட்டி, ரயில் வண்டி போல இழுத்துக்கொண்டு கரை சேர்த்தது. நண்டுக்காரர்கள் வழியெல்லாம் சிரித்தார்கள்.

கரையில் ஜி.எம். கை கொடுத்தார். கை ஐஸ் கட்டியாக இருந்தது. "மோகன், நீ பெரிய ஆளுப்பா. பின்னால நீ இருக்கங்கற ஒரே நம்பிக்கைதான் எனக்கு. ஆர்டர் நாளைக்கு உன் டேபிள்ல இருக்கும்."

மோகன்ராஜுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "சார்!"

"அப்புறம்... அடுத்த மாசமும் போகணும்னு சொல்லுவியோ?"

ஜி.எம். ஆசைப்படுகிறார்! இந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல முடியுமா?

"கண்டிப்பா சார்! மாசா மாசம் போலாம் சார்!"

ஜி.எம். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "சரி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் கிளம்பியதும் மோகன்ராஜ் நேராகச் சின்னதுரையிடம் போனான். "இன்னா அண்ணே இது? நிறுத்தச் சொன்னா, ஒரேடியாவா நிறுத்துவீங்க? நான் கையை ஆட்டினப்பவாவது ஸ்டார்ட் பண்ணக் கூடாதா?"

"எங்க சார் பண்றது? டீசல் டியூப்பைக் கழட்டிக் கையில வெச்சிருந்தேன். நீங்க விசில் ஊதின பேஜாருல அது கடல்ல உழுந்துடுச்சு."

"டியூப்பை எதுக்குக் கழட்டுனீங்க? சும்மா நிறுத்தினா போதாதா?"

"ஒருத்தர் சொன்னா சும்மா நிறுத்தலாம். ரெண்டு பேரு சொன்னா, வேலையைச் சுத்தமா செய்யணும் இல்ல?"

"ரெண்டு பேரா? இன்னொருத்தர் யாரு?"

சின்னதுரை, கார் கிளப்பிவிட்டுப் போன புழுதியைக் காட்டினார்.

"உங்க பெரிய சாருதான். 'தண்ணின்னாலே எனக்கு உசுரு போயிடும்பா, அந்தப் புள்ள ஆசையா கூப்ட்டுட்டான், எல்லாரு எதிர்லயும் முடியாதுன்னு சொல்ல முடியல'ன்னு, நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து என் கையப் புடிச்சுக்கினு அழுதாரு சார்."