என் மிளகுக்கு வந்த உங்கள் கைதிகள்

வாழவந்தி நாடு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய ஜெயிலர் மாப்பிள்ளை சந்தோஷ்குமார் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் மாதேஸ்வரன் எழுதிக்கொண்டது. அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா அம்சவேணியும் சுகம். மிளகுதான் சுகமில்லை.

நம் பக்கத்து ஆட்களெல்லாம் போர்வெல் லாரி ஏறி வடக்கே வேலைக்குப் போய்விட்டார்கள், இந்த வாரம் பறிக்காவிட்டால் வருஷப்பாடு மொத்தமும் மண்ணில் உதிர்ந்துவிடும் என்று நான் போனில் புலம்பியது நிஜம். “கவலைய உடுங்க மாமா, எங்க ஜெயில்ல மிளகு பறிக்கப் பயிற்சி குடுத்திருக்கோம், ஆள் அனுப்பறேன்” என்று நீங்கள் சொன்னதும் நிஜம். மூன்று கைதிகளும், காவலுக்கு வார்டர் அருணாசலமும் வந்து இறங்கினார்கள். அதில் இளங்கோ என்பவன் மிளகின் ரகம், பதம், காயவைக்கும் பக்குவம் எல்லாம் மடமடவென்று ஒப்பித்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “சரி, ஏறு சாமி” என்று மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் ஏணியைச் சாத்தினால், மூன்று பேரும் அதை அதிசயமாகத் தொட்டுப் பார்க்கிறார்கள்! “ஏனுங்க, ஜெயிலுக்குள்ள ஏணி எப்படீங்க உடுவாங்க? நாங்க உக்காந்தபடியேதாங்க பழகினோம்” என்கிறான் இளங்கோ. அடக் கடவுளே! நானே ஏறிக் காட்டி, விழுந்து, இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். வார்டருக்கோ கைதி கையில் ஏணியைப் பார்த்தாலே வேர்க்கிறது. பொழுது சாய்ந்ததும் ஏணியை அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கைதிகள் மூவரும் வாசலில் காற்றாடப் படுத்துக்கொண்டார்கள்.

விடிந்தால் இளங்கோவைக் காணோம். “என் வேலை போச்சுங்க” என்று வார்டர் ஓவென்று அழ, என் பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தேடினால், பக்கத்து எடப்புளி நாட்டில், என்னைப்போலவே ஆள் கிடைக்காமல் தவித்த சின்னராசுவின் தோட்டத்து மரத்து உச்சியில் இருக்கிறான், மிளகு பறித்துக்கொண்டு! கோழிக்குழம்பு ஆசை காட்டி அந்தச் சின்னராசுதான் வண்டியில் கடத்திப் போயிருக்கிறான். கேட்டால், “நீங்க மட்டும் மூணு பேர வெச்சுக்குவீங்களா?” என்று என்னிடமே எகிறுகிறான். இளங்கோ மேலிருந்தே, “நான் தப்பிச்சு ஓடலீங்க, வேலைக்குத்தாங்க வந்தேன்” என்றான். எனக்கு வயிறு எரிந்தது. நான் விழுந்து கற்றுக்கொடுத்த ஏற்றம், ஊரான் மரத்திலா? இந்தச் சங்காத்தமே வேண்டாம் மாப்பிள்ளை, உடனே ஜீப்பை அனுப்பி எல்லாரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுக்கை அம்மன் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். பரிமளாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
மாதேஸ்வரன்.

பி.கு: ஜீப் வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள், திருப்பிக் கூட்டிவந்த இளங்கோவோடு மூன்று பேரும் சேர்ந்து தோட்டத்தையே பறித்து முடித்துவிட்டார்கள், ஒரு மணி மிளகுகூட வீணாகவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை இளங்கோவுக்கு விடுதலையாமே? “ஜெயில் வாசலுக்கு எனக்குன்னு யாரும் வர மாட்டாங்கக்கா” என்று உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அவள் அப்போதிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். யார் வர மாட்டார்கள்? சின்னராசு விடிவதற்கு முன்பே வண்டியோடு வந்து நிற்பான், எனக்குத் தெரியும். நாங்கள் வியாழக்கிழமையே வருகிறோம். வாசலுக்குப் பக்கமாக ஒரு இடம் பிடித்து வையுங்கள்.