முழுமனதோடு ஐரோப்பாவுக்கு

தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவர்களிடம் ஆபீஸ் படிவம் எதையும் மொழிபெயர்க்கக் கொடுக்கக் கூடாது. நான் தொண்ணூற்றாறு வாங்கியவள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஊழியர் கோப்புகளைப் பார்க்கும் பர்சனல் பிரிவு கிளார்க்காக இருந்தேன்; காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். ஒருநாள், எங்களிடம் ஷூ வாங்கும் ஐரோப்பியக் கம்பெனியிடமிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்தது. தொழிலாளர்களின் சொந்த விவரங்களை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்று அவர்களுடைய ஆள் சனிக்கிழமை வந்து பார்ப்பாராம். அவரவர் சம்மதம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆர்டர் கிடையாது. மேனேஜர் ரஹீம் சார் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நீதான் தமிழ்ல புலியாச்சே, ஒரு ஃபாரம் போடும்மா."

புலி உட்கார்ந்து எழுதியது. (முதல் பக்கத்திலேயே தலை சுற்றிப்போய் மீதி ஐந்தைப் புரட்டவே இல்லை என்பதைப் புலி யாரிடமும் சொல்லவில்லை.) 'சொந்த விவரம்' என்பது எனக்கு டீக்கடைத் தமிழாகப் பட்டது. யோசித்து யோசித்து இப்படி முடித்தேன்: 'எனது அந்தரங்கங்களை நிறுவனம் சேகரிக்கவும், பாதுகாக்கவும், தேவைப்படின் ஐரோப்பாவுக்கு அனுப்பவும் முழுமனதோடு சம்மதிக்கிறேன்.'

'முழுமனதோடு' ஓசைக்காக நானே சேர்த்தது.

வியாழக்கிழமை காலை தையல் ஹாலில் படிவத்தை விநியோகித்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றேன். வரிசை வரிசையாக மெஷின்கள் நின்றன. முதல் வரிசைத் தனலட்சுமி அக்கா எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"இன்னா மேடம் இது? எங்கூட்டுக்காரருக்கே நான் எல்லாத்தையும் சொல்றதில்ல. வெள்ளக்காரனுக்கு எதுக்கு அனுப்பணும்?"

ஹாலே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"ஐயோ, அது இல்லக்கா! வயசு, அட்ரஸ், டாக்டர் சர்டிபிகேட்... அவ்ளோதான்."

சிரிப்பு சட்டென்று நின்றது. அக்கா விடவில்லை.

"டாக்டர் சர்டிபிகேட்டா? போன வருஷம் நம்ம ஷமீம் சர்டிபிகேட்ட சூப்பர்வைசர் டேபிள்ல தொறந்து வெச்சீங்களே, மறந்துட்டீங்களா? ஊரே படிச்சிச்சு. பொண்ணு பாக்க வந்தவங்க அப்படியே திரும்பிப் போய்ட்டாங்க."

மூன்றாவது வரிசையில் ஷமீம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தச் சர்டிபிகேட்டை அந்த மேஜையில் வைத்தவள் நான்தான். அதுவரை அது தவறென்றே எனக்குத் தோன்றியதில்லை. வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனேன்.

"நான்தான் வெச்சேன், ஷமீம். மன்னிச்சிடு" என்றேன். அவள் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். அக்காதான் பேசினார்.

"எதுக்குக் கேக்கறீங்க? யார் யார் பாப்பாங்க? நாங்க வேலைய வுட்டுப் போனா கிழிச்சிப் போடுவீங்களா? இந்த மூணையும் எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறோம்."

ரஹீம் சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு பக்கத்தையும் முதல் தடவையாக முழுசாகப் படித்தார். (ஆமாம், அவரும்தான்.)

"அடேயப்பா! அந்தம்மா கேட்டத சுத்தி வளச்சு ஆறு பக்கம் எழுதியிருக்கான்."

மூன்று கேள்விக்கும் டீக்கடைத் தமிழிலேயே பதில் எழுதினேன். டாக்டர் சர்டிபிகேட்டுகள் பூட்டுப் போட்ட பீரோவுக்குப் போயின. முதல் கையெழுத்து தனலட்சுமி அக்கா. வெள்ளிக்கிழமை மாலை, கடைசியாக ஷமீம்.

சனிக்கிழமை வந்த அதிகாரி படிவத்தை மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டுவிட்டு, எந்த வக்கீல் தயாரித்தது என்றார். ரஹீம் சார் நெஞ்சை நிமிர்த்தித் தையல் ஹாலைக் காட்டினார். அன்று எனக்கு வந்த பெருமை தொண்ணூற்றாறு வாங்கியபோதுகூட வந்ததில்லை. அதற்குப் பிறகு தகவல் பாதுகாப்பு பற்றி எத்தனையோ கம்பெனிகளில் வகுப்பு எடுத்துவிட்டேன். கோட்டு போட்டவர்கள் யாரும் அந்த மூன்றுக்கு மேல் நாலாவதாக ஒன்றைக் கேட்டதில்லை.

இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் வம்பாகிவிட்டது. "போன்ல யாரு?" என்று மகளிடம் கேட்டால் போதும். "எதுக்குக் கேக்கறே? யார்கிட்ட சொல்லுவே? எப்ப மறப்பே?" என்கிறாள். முதல் இரண்டுக்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். மூன்றாவதற்கு அவளுடைய அப்பாவே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்: "உங்கம்மாவா? கிழிச்சா!"