டவுட்டு டிரில்லரும் சடையனின் புது கேசட்டும்

தன் நிழலையே திரும்பிப் பார்த்து, தன்னுடையதுதான் என்று தெளிந்த பிறகே அடுத்த அடி வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர்தான் எங்கள் டவுட்டு டிரில்லர். சொந்தப் பெயர் என்னவென்று திருச்செங்கோட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குங்க கேக்கறீங்க?" என்பார்.

ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுவது அவர் தொழில். தண்ணீர் பீய்ச்சியடித்து, தோட்டத்துக்காரர் ஆனந்தத்தில் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருப்பார். இவர் மட்டும் ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, "பக்கத்துத் தோட்டத்துல பைப்பு கிய்ப்பு ஒடஞ்சிருக்குதான்னு பாத்துட்டு வாங்க" என்பார். டீக்கடையில் பக்கத்து ஆள் ஒரு வாய் குடித்து உயிரோடிருப்பதைப் பார்த்த பிறகுதான் தன் கிளாசைத் தொடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜி சுட்டது பெண்தானா என்று சமையல்கட்டு வரை போய்ப் பார்த்தவர். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை.

இப்படிப்பட்டவர் நம்பிய ஒரே ஆள், சீமையில் இருந்த ஒரு ராக் பாடகன். இடுப்பு வரை முடி தொங்கியதால் டிரில்லர் அவனுக்கு வைத்த பெயர் சடையன். வடக்கே வேலைக்குப் போனபோது யாரோ கொடுத்த கேசட்டை லாரியில் போட்டுக் கேட்டிருக்கிறார். "போர் போடறப்ப லாரில கம்ப்ரஸர் ஓடற சத்தத்துல நம்மூருப் பாட்டெல்லாம் கொசு கத்தற மாதிரி இருக்குமுங்க. இவன் ஒருத்தன் கொரலுதான் அத்தனை சத்தத்தையும் தாண்டி வந்துச்சு" என்பார். பாட்டில் ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. புரிந்திருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருச்செங்கோட்டில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. பதியும்போது சத்தத்தை அடக்கிவிட்டு, மீட்டரில் முள் ஆடுவதை மட்டும் பார்த்துக்கொள்வேன். டிரில்லர் காலிக் கேசட்டைத் தானே வாங்கி வந்து, தானே உறை கிழித்துக் கொடுத்து, பதிந்து முடியும்வரை அந்த முள்ளையே முறைத்துக்கொண்டிருப்பார். ஆனாலும் ரிக்காரர்களை எல்லாம் என் கடைக்கு அனுப்பியவர் அவர்தான். அவரே நம்புகிற கடை என்றால் சும்மாவா?

ஒரு மழைக்காலம். லாரிகள் எல்லாம் ஷெட்டில் நின்றன. சடையன் பழைய குழுவை விட்டுப் பிரிந்து, தனியாக ஒரு ஆல்பம் போட்டுவிட்டான். பெங்களூரிலிருந்து தட்டு வந்த அன்று ஊரிலிருந்த சடையன் ரசிகர்கள் மூவரும் கடையில் ஆஜர்: டிரில்லர், காலேஜ் ஹாஸ்டலில் இருந்த தாடிப் பையன், ஒரு பேங்க் கிளார்க். முதல் நாள் மரியாதையாக ஸ்பீக்கரிலேயே போட்டேன்.

முதல் பாட்டு முடியும் முன்பே தாடி கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஒரு முதிர்ச்சி!" என்றான்.

"மண்ணாங்கட்டி! தனியாப் போனா பேரும் தனியா வரும்னு போயிட்டான், துரோகி" என்றார் கிளார்க். சட்டையைப் பிடிக்காத குறை.

டிரில்லர் தட்டின் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் சடையன் முடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"ஏனுங்க, சடை எங்கீங்க?"

"வெட்டிட்டாருங்க."

"எதுக்கு? பழனிக்குப் போயிட்டு வந்தானாக்கும்?" என்றவர் பாட்டுக்குக் காது கொடுத்தார். "இது அவன் இல்லீங்க. கொரலு எலும்புந்தோலுமாக் கெடக்குது. அடியில இருந்த இடிச் சத்தத்தக் காணோம். ஆரோ போலித் தட்ட உங்க தலையில கட்டிட்டாங்க. இல்லீன்னா நீங்க எங்க தலையில கட்டறீங்க."

ஆதாரத்துக்கு வேண்டும் என்று ஒரு கேசட் பதிந்து வாங்கிப்போனார். அதோடு ரிக்காரர் ஒருவரும் கடைப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மழைக்கு ஊர் திரும்பும் அவர்கள் பதியும் கேசட்டில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

மனிதர் சவரம் செய்யாமல், தோளில் துண்டோடு, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருந்தார்.

"அவன் செத்துட்டானுங்க" என்றார் மெதுவாக. "வெளிய சொல்லாம, வேற ஒருத்தனப் பாட வெச்சிருக்கறாங்க. என்ற மனசுக்குத் தெரியுது." கண் கலங்கியிருந்தது. திட்டப் போன நான் ஆறுதல் சொன்னேன்.

"லாரில போட்டுக் கேட்டீங்களா?"

"பூஜை போட்ட வண்டிங்க அது. போலிப் பாட்ட அதுல ஏத்துவனா?"

மழை விட்டதும் அவருக்கு அயோத்தியாப்பட்டணம் பக்கம் வேலை. அங்கிருந்து ஆள் விட்டார். பழசையும் புதுசையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறாராம், நான் என் காதால் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டுமாம். வண்டிக்கு அப்புறம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொள்வாராம். சேலத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

கடலைக்காட்டின் நடுவில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் போட்ட சத்தத்தில் என் பல்லெல்லாம் ஆடியது. கேபினில் ஏறி உட்கார்ந்தோம். பழைய கேசட்டில் சடையன் கர்ஜித்தான். "கேட்டீங்களா? இவன் சடையன்!" என்று என் காதில் கத்தினார். பிறகு புதுக் கேசட்டைச் செத்த எலி போல இரண்டு விரலால் தூக்கிச் செருகினார்.

அதே கர்ஜனை. அதே இடி. டிரில்லர் திறந்த வாய் மூடாமல் என்னைப் பார்த்தார்.

"இவந்தாங்க! இவனேதானுங்க! சாகலீங்க!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமும் மனிதர் சடையனைக் கம்ப்ரஸரோடு சேர்த்தே கேட்டிருக்கிறார். அடியில் இருந்த இடி சடையனுடையதல்ல, லாரியுடையது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விளக்குகிறேன் பேர்வழி என்று கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லி, பழைய கேசட்டை மறுபடி போட்டேன்.

அந்த அமைதியில் பழைய சடையனும் ஒல்லியாகத்தான் பாடினான். டிரில்லரின் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப, இவனும் போலிங்களா? மொதல்ல இருந்தேவா?"

பதறிப்போய் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கம்ப்ரஸரப் போடுங்கப்பா!" என்று அலறினேன். போட்டார்கள். சடையனுக்கு உயிர் வந்தது. டிரில்லருக்கும் வந்தது. விளக்கம் சொல்லும் ஆசையை அந்தக் கடலைக்காட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ரிக்காரர்கள் திரும்ப வந்தார்கள். "கம்ப்ரஸரோட கேட்டாத்தான் ஒரிஜினலுங்களாமா" என்று எனக்கே சொல்லிக்கொடுத்து, சடையனின் புது கேசட்டை வாங்கிப்போனார்கள். தாடியும் கிளார்க்கும் மட்டும் முதிர்ச்சியா துரோகமா என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடையை மூடி வெகு காலமாகிவிட்டது. டிரில்லரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கேசட்டை இப்போதும் போடுகிறேன், வீட்டில் மாவு ஆட்டும் நேரம் பார்த்து. கிரைண்டர் ஓட ஓட, "இவனேதானுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லும். கிரைண்டர் நின்றதும் பாட்டையும் நிறுத்திவிடுவேன். அந்த அமைதியில் டிரில்லர் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.