கொடி சாரும் கரையாத போல்ட்டும்

அந்த வெள்ளிக்கிழமை காலை, மரக்காணம் உப்பளத்தில் ஆறாம் பாத்திக்கும் ஏழாம் பாத்திக்கும் நடுவே உள்ள வரப்பில் கூடியிருந்தவர்கள்: உப்பு வாரும் என் அம்மா அஞ்சலை, ஸ்டேஷனிலிருந்து ஏட்டு, உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி, இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக இழுத்து வரப்பட்ட நான், அப்புறம் கொடி சார். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், இடையஞ்சாவடிப் பக்கம் கொட்டகை போட்டு, ஒரு குட்டி விமானத்தைத் தன் கையாலேயே கட்டி, தானே ஓட்டி வந்து, செவ்வாய்க்கிழமை ஏழாம் பாத்தியில் விழுந்து இறந்துபோன லேத் பட்டறைக்காரர். இன்னொன்று, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு போல்ட். போல்ட்டை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். கொடி சார் சேர்த்தார்.

கடவுளே நேரில் இறங்கி வந்து “நான்தான் கடவுள்” என்றாலும், “எந்தத் திசையில இருந்து எறங்கினீங்க? பாத்தது யாரு?” என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் அவர். விபத்தை விசாரிக்கச் சென்னையிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி. உண்மையான பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைப் படிக்கும் அளவுக்கு அவர் ஓரிடத்தில் நின்றதில்லை. எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடியைக் குத்துவார். முதல் நாள் மதியம் அவர் கையிலிருந்த இட்லி வரப்பில் விழுந்தது. அதற்கும் ஒரு கொடி. ஏன் என்று கேட்டேன்.

“நாளைக்கு எவனாவது இது விமானத்தோட துண்டுன்னு எடுத்துட்டு வருவான்பா.”

பிரச்சினை இதுதான். ஆறாம் வரப்பில் அம்மா ஒரு மூங்கில் கம்பம் நட்டு, உச்சியில் பழைய சேலைத் துணி கட்டியிருந்தாள். கடல் காற்று எப்போது திரும்புகிறது என்று பார்க்க. அந்தக் கம்பம் இரண்டாக ஒடிந்து கிடந்தது. ஏட்டு அதைப் பார்த்த ஐந்தாவது நிமிடம் வழக்கை முடித்துவிட்டார். “கம்பத்துல மோதிச்சு, விழுந்துச்சு. கம்பம் நட்டது யாரு?” முதலாளி அதைவிட வேகம். “இது முடியற வரைக்கும் நீ வேலைக்கு வராத அஞ்சலை. நாளைக்கு என் பேரும் சேந்து வரும்.” அம்மாவின் கூலியில் படித்துப் பட்டம் வாங்கி, வேலை தேடிக்கொண்டிருந்த நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

கொடி சார் ஒடிந்த கம்பத்தைப் பார்க்கவே இல்லை. ஏழாம் பாத்தியைப் பார்த்தார். பாத்தி சுத்தமாக இருந்தது. விமானத்தின் துண்டுகள் எல்லாம் வரப்பு மேல் பெரிது, நடு, சிறிது என்று வரிசையாக, பளபளவென்று அடுக்கியிருந்தன.

“இதை யாரு எடுத்தது?”

“நாந்தான் சார்” என்றாள் அம்மா. “ஆம்புலன்ஸ் போனதும் நாலு பேரு சேந்து வாரிட்டோம்.”

“பளபளன்னு இருக்கே!”

“நல்ல தண்ணியில கழுவி வச்சோம். உப்புல கெடந்தா ஒரே நாள்ல துரு புடிச்சிடும் சார். அவரு வீட்டுக்காரங்களுக்குக் குடுக்கணும்ல?”

கொடி சார் குடையை மடக்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாகக் குளிப்பாட்டப்பட்ட சாட்சியத்தைப் பார்க்கிறார். பாத்தியில் எது விழுந்தாலும் உடனே வாரிவிடுவது இங்கே பழக்கம். அழுக்கு உப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். அவருக்கு அது எப்படித் தெரியும்?

“எல்லாத்தையும் திருப்பி வைங்கம்மா. எது எங்க கெடந்துச்சோ அங்கயே.”

ஏட்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பாத்தியில் வருஷக்கணக்காக மிதித்தவள். நூற்றுக்கும் மேலான துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, காலடி எண்ணிக்கொண்டு போய் வைத்தாள். கொடி சார் பின்னாலேயே போய்க் கொடி குத்தினார். சாயங்காலம் பாத்தி அரசியல் மாநாடு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா பதறிக்கொண்டு வந்தாள். “சார், யாரோ கலைச்சிட்டாங்க சார். மூணு துண்டு எடம் மாறிக் கெடந்துச்சு. நான் திருப்பி வச்சிட்டேன்.”

கொடி சார் நோட்டைப் புரட்டினார். “எந்த மூணு?” காட்டினாள். அவர் தலையாட்டினார். கலைத்தது அவரேதான். பரீட்சை வைத்திருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. “கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றாள்.

என் வேலை வாக்குமூலம் எழுதுவது. ‘விமானம் கம்பத்தில் மோதி விழுந்தது’ என்று முதல் வரி எழுதினேன். கிழித்துப் போட்டார்.

“நீ பாத்தியா?”

“இல்ல சார். ஏட்டு சொன்னாரு.”

“அப்ப ஏட்டு சொன்னார்னு எழுது. ஏட்டு பாத்தாரா?”

“இல்ல சார்.”

“அதையும் எழுது.”

இப்படியே முப்பத்தேழு பக்கம். சர்க்கார் ஒரு பேனா தந்தது; இரண்டு பேனாவை நான் சொந்தமாக வாங்கினேன்.

அன்றைக்கு மத்தியானம்தான் அவருக்கு அந்த போல்ட் இல்லாதது தெரிந்தது. வால் பகுதியை மேலும் கீழும் அசைக்கிற கம்பி ஒன்று இருக்கிறது. விமானம் ஏறுவதும் இறங்குவதும் அதை நம்பித்தான். அது ஒரு போல்ட்டில் மாட்டியிருக்க வேண்டும். ஓட்டை இருந்தது, போல்ட் இல்லை. மோதி அறுந்திருந்தால் ஓட்டை கிழிந்திருக்கும். கிழியவில்லை. “அப்ப கழண்டிருக்கு. எங்க கழண்டுச்சு?” விமானம் ஒன்றாம் பாத்தி இருக்கும் கடல் பக்கமிருந்து வந்தது. கம்பத்துக்குப் பிறகு கழன்றிருந்தால் அம்மாவுக்கு ஆபத்து. முன்னால் என்றால் ஒன்றாம் பாத்தி முதல் ஆறாம் பாத்தி வரை எங்கே வேண்டுமானாலும் கிடக்கலாம். அத்தனையும் உப்பு நிற்கிற பாத்தி.

முதலில் காந்தம் கொண்டுவந்தார். கயிற்றில் கட்டி இரண்டு நாள் இழுத்தார். கிடைத்தவை: பலகை ஆணி எட்டு, சோடா மூடி பதினாறு, ஊக்கு ஒன்று, ஏட்டு தொலைத்த சைக்கிள் சாவி. சாவிக்கு ஏட்டு நன்றிகூடச் சொல்லவில்லை. அப்புறம் பட்டறைக்காரருடைய கணக்கு நோட்டு கொட்டகையிலிருந்து வந்தது. அதில் கொட்டை எழுத்தில், ‘துருப்பிடிக்காத போல்ட்’. அந்த ரகம் காந்தத்தில் ஒட்டாது. இரண்டு நாள் வெயில் வீண்.

“அப்ப உப்பை வாருங்க” என்றார். பாத்தி வாரியாக உப்பை வாரித் தனித்தனிக் குவியல் போட்டார்கள். ஒரு பாத்தி உப்பை இன்னொன்றோடு கலக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சல்லடை போட்டார். விமானம் விழுந்து அதற்குள் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது; அத்தனை நாள் உப்புத் தண்ணீரில் கிடந்த எதன் மேலும் உப்பு வளர்ந்துவிடும். போல்ட்டுக்கும் உப்புக் கட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. “அப்ப கரைச்சிடுவோம்” என்று ஒரு கூடை உப்பை அள்ளிப் பாத்தித் தண்ணீரில் முக்கினார். அரை மணி நேரம் முக்கினார். கூடை அப்படியே இருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னா சார் நீங்க! அந்தத் தண்ணி ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சிட்டு நிக்குது. அதுல எங்க கரையும்?”

பிரம்மதேசத்திலிருந்து டிராக்டரில் நல்ல தண்ணீர் டேங்கர் வந்தது. எங்கள் தெருவுக்கே நாலு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர்; பெண்கள் குடத்தோடு வந்து நின்று, சாமி பார்ப்பது போல அந்த அநியாயத்தைப் பார்த்தார்கள். ஆறாம் பாத்திக் குவியல், எட்டு மூட்டை, கரைந்தது. ஒன்றுமில்லை. ஐந்தாம் பாத்தி, ஏழு மூட்டை. ஒன்றுமில்லை. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அம்மா முணுமுணுத்தாள்: “நாப்பது நாளா தண்ணிய உப்பாக்கினோம். இவரு ஒரே நாள்ல உப்பைத் தண்ணி ஆக்கிட்டாரு.”

இரண்டாவது டேங்கர். நாலாம் பாத்தி. நாலாவது மூட்டையில் அம்மா கூடைக்குள் கை விட்டாள்.

“சார், ஒண்ணு மட்டும் கரைய மாட்டேங்குது.”

உள்ளங்கையில் கழுவினாள். போல்ட். வளையவில்லை, அறுபடவில்லை, புதுசு மாதிரி மின்னியது. கம்பத்துக்கு இரண்டு பாத்திக்கு முன்பே விமானத்திலிருந்து கழன்று விழுந்திருக்கிறது. அந்த மனிதர் கம்பத்தைத் தொடும்போதே விழுந்துகொண்டுதான் இருந்தார்.

ஏட்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முதலாளி, “நாளைக்கு வேலைக்கு வந்துடு அஞ்சலை” என்றார், ஏதோ அவள் விருந்துக்குப் போய்விட்டு வந்த மாதிரி.

கொடி சார் போல்ட்டை வெயிலில் திருப்பிப் பார்த்தார். “விமானத்துக்குன்னு வர்ற போல்ட்டுல முனையில ஒரு ஓட்டை இருக்கும். அதுல ஊசி மாதிரி ஒண்ணு மாட்டினா நட்டு கழலாது. ஆனா அந்த போல்ட் இரும்பு, துரு புடிக்கும். அதனால இதை மாத்திப் போட்டிருக்கார். இதுல ஓட்டை இல்ல.”

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். செவ்வாய்க்கிழமை அந்த மனிதரின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தவள் அவள்தான்.

“அவரு மேல தப்புன்னு எழுதுவீங்களா சார்?”

“இன்னா நடந்துச்சோ அதை எழுதுவேன்மா.”

“இந்தக் காத்துல யாருதான் சார் துருவுக்குப் பயப்படல?”

அவர் என் பக்கம் திரும்பினார். “இதை எழுதிக்கோ. யார் சொன்னதுன்னும் எழுது.” எழுதினேன். முப்பத்தெட்டாம் பக்கம்.

கரைந்த உப்புக்குப் பணம் கேட்டு அவர் அனுப்பிய காகிதம், அவர் ஆபீசில் உப்பு என்று ஒரு செலவுத் தலைப்பே இல்லை என்று திரும்பி வந்ததாம். தன் சம்பளத்திலிருந்து முதலாளிக்குக் கொடுத்தார், ரசீது வாங்கிக்கொண்டு. ரசீதில் இரண்டு பிழை திருத்தினார்.

இப்போது ஆறாம் வரப்பில் புதுக் கம்பம் நிற்கிறது. உச்சியில் சேலைத் துணி இல்லை. அவர் பிடுங்க மறந்துபோன ஒரு சிவப்புக் கொடி. கம்பத்தின் உயரத்தையும், வரப்பின் முனையிலிருந்து எத்தனை காலடி என்பதையும் அம்மா என்னை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். எதுக்கும்மா என்றால், “அந்த ஆளு வந்தா கேப்பாருடா” என்கிறாள். வருஷம் மூன்று ஆகிறது. இன்னும் வரப்பில் யார் தலை தெரிந்தாலும் நிமிர்ந்து பார்க்கிறாள்.

அந்த ஒரு போல்ட்டின் அடக்க விலை: பத்தொன்பது மூட்டை உப்பு, இரண்டு டேங்கர் நல்ல தண்ணீர்.