கொளஞ்சிநாதனின் பனி மைதானம்

சூளையைப் பழுதுபார்க்கப் பத்து நாள் அணைத்துவைத்த அன்றே கொளஞ்சிநாதன் சபதம் எடுத்துக்கொண்டார். இந்தப் பத்து நாளும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. தன் ஹாக்கி டீமுக்குக் கோப்பை வாங்காமல் ஓய்வதில்லை.

டீம் செல்போன் விளையாட்டுக்குள் இருந்தது. ஆட்டம் பனிக்கட்டியின் மேல். அவரோ முப்பது வருஷமாக விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் நெருப்புக்கு எதிரே நின்றவர். ஐஸைக் கரும்பு ஜூஸில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் கண்ணை மூடினால் போதும், வெள்ளை வெளேரென்று ஒரு மைதானம் விரியும். ஆட்கள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போவார்கள். அவருக்கு உள்ளங்கால் சில்லிடும். பிறக்கவேண்டிய ஊர் அதுதானோ, விலாசம் மாறி இங்கே வந்துவிட்டோமோ என்று உண்மையாகவே யோசிப்பார்.

"யாருங்க அந்த ஹால்வர்? மத்தியானத் தூக்கத்துல வாடா வாடாங்கிறீங்க" என்றாள் மனைவி அனுசியா.

"கோல்கீப்பர். ஜியாவுதீன் டீம்ல இருக்கான்." ஜியாவுதீன் பழைய சிநேகிதர். கத்தாரில் வேலை பார்த்துக்கொண்டே போனில் இன்னொரு டீமை நடத்துகிறார்.

"வேணும்னா வாங்கிக்க வேண்டியதுதான?"

"எங்க? டீமுக்கு மொத்தச் சம்பளம் இவ்வளவுதான்னு வரம்பு இருக்குது. அவன் வரணும்னா, நம்மகிட்ட சம்பளம் தின்னுக்கிட்டு சும்மா கெடக்குறவனை அந்தப் பக்கம் தள்ளணும்."

"அவனைக் கேக்க வேணாமா?"

"அவனை எதுக்குக் கேக்கணும்? ரெண்டு மேனேஜரும் ஒத்துக்கிட்டாப் போதும். அவனுக்குக் கடைசியிலதான் தெரியும்."

அனுசியா கீரை உருவுவதை நிறுத்தினாள். "நல்ல சட்டமா இருக்குதே."

தன் விளையாட்டை மதித்துக் கேட்ட ஒரே ஜீவன். அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

இரண்டு நாளாகப் பேரம் நடந்தது. "முப்பத்தெட்டு வயசுக் கிழவனைத் தலையில கட்டப் பாக்குறியா?" என்று ஜியாவுதீன் மறுத்தார். முப்பத்தெட்டே கிழம் என்றால் தன் ஐம்பத்து நான்குக்கு என்ன பெயர்? கொளஞ்சிநாதன் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். மூன்றாம் நாள் தகவல் வந்தது: "இன்னிக்கு எட்டு மணியோட ஆளு மாத்துறது முடியுது. அதுக்குள்ள பேசி முடிச்சிடலாம். போனைக் கையிலயே வச்சிரு."

நாலு மணிக்கு வாசலில் ஒரு பை நின்றது.

"யாரு ஊருக்குப் போறாங்க?"

"நீங்கதாங்க. நாலரைக்கு எங்க கிராமத்துக்கு, மங்களூருக்குப் பஸ்ஸு."

"நானா?"

"தம்பி மாணிக்கவேல் மக்காச்சோளத்தை ஒடிச்சு ரோட்டுல காயப்போட்டிருக்கான். அம்மாதான் ஆடு மாடு வாய் வைக்காமப் பாத்துக்கிட்டாங்க. அம்மாவை ஒரு வாரம் நம்ம வூட்டுக்கு அனுப்புடான்னேன். பதிலுக்கு ஒரு ஆளைக் குடுன்னுட்டான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே!"

"உங்களை எதுக்குங்க கேக்கணும்? ரெண்டு மேனேஜரும் ஒத்துக்கிட்டோம்."

"எட்டு மணிக்கு எனக்கு..."

"அங்க டவரு கெடையாதுங்க."

வெள்ளை மைதானம் அவர் கண்ணெதிரே மெல்ல மஞ்சளாகி, மங்களூர் ரோட்டில் சோளமாகப் பரவியது. நாலு ஆடுகள் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தன. இருந்தாலும் மனசு ஓர் ஆறுதலைத் தேடிப் பிடித்தது. மாமியார் சொர்ணாம்பாள் லேசுப்பட்டவர் இல்லை. அவருக்கு ஈடாகத் தன்னைக் கேட்டிருக்கிறார்கள்.

"பரவாயில்ல, அத்தைக்கு நான் சரிக்குச் சரி" என்றபடி பையைத் தூக்கினார். தோள் இறங்கியது. "ரெண்டு லுங்கிக்கு இவ்வளவு கனமா?"

"மிக்ஸி இருக்குதுங்க. உங்களை மட்டும் அனுப்புறேன்னதுக்கு அவன் ஒத்துக்கல."